மிரர்லெஸ் கேமராவில் வீடியோ எடுக்க மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோஃபோகஸ் இவ்வளவு முன்னேறிவிட்ட பிறகும் மேனுவல் லென்ஸ் எதற்கு?

ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், அல்லது நீங்கள் தனியாளாக கிம்பலை (ஆட்டம் குறைக்கும் பிடி) பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்றால் ஆட்டோஃபோகஸே போதும். அங்கே மேனுவல் லென்ஸ் வெறும் சுமைதான். ஆனால் இரண்டு பேர் பேசும் காட்சியில் எந்தச் சொல் முடிந்ததும் ஃபோகஸ் பின்னால் இருப்பவரிடம் போகவேண்டும், எவ்வளவு மெதுவாகப் போகவேண்டும் என்பது கேமராவுக்குத் தெரியாது. கண்ணாடி, வலை, மழை, புகை வழியாக எடுக்கும்போதும் அது தடுமாறும். குறுக்கே ஒருவர் நடந்து போனால் அவரைத் துரத்திவிட்டுத் திரும்பி வரும். ஃபோகஸ் எங்கே நிற்கவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யும் காட்சிகளுக்குத்தான் மேனுவல் லென்ஸ். ஒரே ஷாட்டை ஐந்து டேக் எடுத்தாலும் ஐந்திலும் ஃபோகஸ் ஒரே மாதிரி நகரும் என்பது இதன் பெரிய பலம்.

அப்படியென்றால் என்னிடம் இருக்கும் ஆட்டோஃபோகஸ் லென்ஸை மேனுவலுக்கு மாற்றிக்கொண்டால் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. மிரர்லெஸ் கேமராவுக்கென்று வந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் ஃபோகஸ் ரிங்குக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ரிங்கைத் திருப்பினால் ஒரு சிக்னல் போகிறது. மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. பல லென்ஸ்களில் நீங்கள் திருப்பும் வேகத்தைப் பொறுத்து ஃபோகஸ் நகரும் தூரமும் மாறும். வேகமாகக் கால் சுற்று போய், மெதுவாகக் கால் சுற்று திரும்பி வந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர மாட்டீர்கள். ரிங்குக்கு முடிவும் இல்லை, சுற்றிக்கொண்டே போகும். அதனால் ரிங்கில் குறி போட்டுவைத்துப் பயனில்லை.

சில கேமராக்களின் மெனுவில் ரிங்கின் இயக்கத்தை 'லீனியர்' என்று மாற்றவும், மொத்தச் சுற்று எத்தனை டிகிரி என்று நிர்ணயிக்கவும் வழி உண்டு. உங்கள் கேமராவில் அது இருந்தால் புது லென்ஸ் வாங்குமுன் ஒரு வாரம் அதை வைத்துப் பழகிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்கவேண்டும்? ஷார்ப்னஸையா?

இல்லை, ரிங்கை. 4கே ஃபிரேம் ஒன்றில் இருப்பது 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். 24 மெகாபிக்சல் ஸ்டில் படத்துக்கு லென்ஸிடம் கேட்கும் கூர்மையில் இது வெகு குறைவு. ஐம்பது ஆண்டு பழைய 50 மி.மீ. லென்ஸ்கூட எஃப்/2.8-இல் (அப்பெர்ச்சர் எனும் ஒளித்துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) இந்த அளவை எளிதாகக் கொடுத்துவிடும். எந்த விலையுயர்ந்த கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. அது ஃபோகஸ் தவறிய ஷாட். ஷாட்டைக் காப்பாற்றுவது ரிங்கின் தரம்தான்.

ரிங்கில் நான்கு விஷயங்கள். முதலாவது, இன்ஃபினிட்டியிலிருந்து (மிகத் தொலைவு) மிக அருகில் வரை போக ரிங் எத்தனை டிகிரி சுற்றவேண்டியிருக்கிறது என்பது. ஸ்டில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் வேகத்துக்காக இதைக் குறைத்துவைத்திருப்பார்கள்; விரல் நுனி அசைந்தாலே ஃபோகஸ் ஒரு மீட்டர் தாவும். பழைய மேனுவல் லென்ஸ்கள் பலவற்றில் அரைச் சுற்றோ அதற்கு மேலோ கிடைக்கும். சினிமா லென்ஸ்களில் 270, 300 டிகிரி சாதாரணம். ஆனால் கூடுதலாக இருந்தால் எப்போதும் நல்லது என்று எண்ணவேண்டாம். 300 டிகிரி சுற்று, ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸை மட்டும் கவனிப்பவர்) ஒருவர் பக்கத்தில் நிற்கும் படப்பிடிப்புக்கு. கையில் பிடித்துத் தனியாக எடுப்பவரால் பிடியை மாற்றாமல் அவ்வளவு திருப்ப முடியாது. அவருக்கு 120 முதல் 180 டிகிரிதான் வசதி.

இரண்டாவது, இரு முனையிலும் ரிங் கெட்டியாக நிற்கவேண்டும். மூன்றாவது, முழுச் சுற்றிலும் ஒரே அளவு இறுக்கம் இருக்கவேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகும் ரிங், ஷாட் நடுவே கேமராவையே ஆட்டிவிடும். நான்காவது, திசை மாற்றும்போது தொய்வு இருக்கக்கூடாது. ரிங் ஓரிரு மி.மீ. வெறுமனே திரும்பி அதன்பிறகுதான் கண்ணாடி நகர்கிறது என்றால் அந்த லென்ஸ் வீடியோவுக்கு உதவாது.

எந்தப் பழைய லென்ஸ் எந்த மிரர்லெஸ் கேமராவில் பொருந்தும்?

எஸ்எல்ஆர் (மிரர்லெஸுக்கு முந்தைய, உள்ளே மிரர் வைத்த கேமரா) லென்ஸ்கள் அனேகமாக எல்லாம் பொருந்தும். மவுண்டிலிருந்து (லென்ஸை மாட்டும் வளையம்) சென்சார் வரை உள்ள தூரம் சோனி இ-மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பிலும் எல்-மவுண்டிலும் 20, ஃபுஜி எக்ஸில் 17.7. பழைய எஸ்எல்ஆர்களில் உள்ளே அந்த மிரர் இருந்ததால் இந்தத் தூரம் அதிகம்: நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, எம்42 திருகு மவுண்டும் பென்டாக்ஸ் கே-யும் 45.46, மினோல்டா எஸ்ஆர் 43.5, கேனான் எஃப்டி 42. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு உலோகக் குழாய் நிரப்புகிறது; அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை.

கேனான் எஃப்டி லென்ஸ்கள் பல ஆண்டுகள் சீந்துவாரின்றிக் கிடந்ததும் இந்தக் கணக்கால்தான். கேனானின் அடுத்த மவுண்டான இஎஃப்புக்கு 44 மி.மீ. தூரம், 42-க்கு வடிவமைத்த லென்ஸை அதில் வைத்தால் இன்ஃபினிட்டி கிடைக்காது. மிரர்லெஸ் வந்ததும் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் கேமரா) லென்ஸ்களும் பொருந்தும், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். வைட் (அகலப் பார்வை) லென்ஸ்களில் ஒளி சென்சார் மூலைகளில் மிகச் சாய்வாக விழுவதால், சென்சார் மேலுள்ள கண்ணாடித் தகடு அந்த மூலைகளைக் குழப்பிவிடும். மேலும், பல ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் 0.7 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது.

தொடங்குபவருக்கு எந்த லென்ஸ் குடும்பம் நல்லது?

ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நிறம், கான்ட்ராஸ்ட், ரிங் திரும்பும் திசை எல்லாம் ஒத்துப்போகும். திசை முக்கியம்: நிக்கான், பென்டாக்ஸ் லென்ஸ்கள் ஒரு பக்கம் திரும்பும், கேனான், மினோல்டா, ஒலிம்பஸ் எதிர்ப்பக்கம் திரும்பும். கலந்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் கை தவறான பக்கம் போகும்.

நிக்கானின் பழைய மேனுவல் லென்ஸ்களான ஏஐ, ஏஐ-எஸ் வரிசையை முதல் தேர்வாகச் சொல்லலாம். 24, 28, 35, 50, 85, 105 என்று எல்லா ஃபோக்கல் லெங்த்தும் (லென்ஸின் மி.மீ. எண்) உண்டு, உடல் முழுக்க உலோகம், பெரும்பாலானவற்றின் ஃபில்டர் அளவு 52 மி.மீ. இரண்டில் ஏஐ பழையது (1977). 1981-க்குப் பிறகு வந்த ஏஐ-எஸ் சிலவற்றில் ரிங் சுற்றைக் குறைத்திருக்கிறார்கள். வீடியோவுக்கு ஏஐ கிடைத்தால் அதையே எடுக்கலாம். கேனான் நியூ எஃப்டி இதற்கு இணையான தேர்வு, அதிலும் பெரும்பாலானவை 52 மி.மீ. ஒலிம்பஸ் ஓஎம் சிறியது, இலேசானது. ஆனால் பெரும்பாலான ஓஎம் லென்ஸ்களில் அப்பெர்ச்சர் ரிங் முன்னால் இருப்பதால் அதைத் தொடும்போது ஃபோகஸ் ரிங்கும் நகர வாய்ப்புண்டு.

எம்42 உலகில் ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) எல்லோரும் கேட்பது. பின்னணி சுழல்வதுபோல் தெரிவது அதன் அடையாளம். வீடியோக்காரருக்கு அதைவிடப் பயனுள்ளது அதன் ப்ரீசெட் அமைப்பு. ஒரு ரிங்கில் எஃப் எண்ணை வைத்தபின் இன்னொரு ரிங் க்ளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்து மூடும். காட்சி ஓடும்போதே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அப்பெர்ச்சர் மாறவே இல்லை, எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கிறது. லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. மவுண்டைப் பொறுத்துக் காரணம் மாறும்.

கேனான் எஃப்டியில் அடாப்டரின் மேல் பூட்டுக் குறி உள்ள தனி ரிங் இருக்கும். லென்ஸை மாட்டியபின் அதைத் திருப்பினால்தான் உள்ளே இருக்கும் நெம்பு லென்ஸின் அப்பெர்ச்சர் நெம்பைப் பிடிக்கும். எம்42-இல் பின்னால் ஒரு சிறு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். அது உள்ளே அழுந்தினால்தான் பிளேடுகள் மூடும். லென்ஸில் ஆட்டோ/மேனுவல் ஸ்விட்ச் இருந்தால் மேனுவலில் வையுங்கள். ஸ்விட்ச் இல்லாத வகைகளுக்கு, ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர்தான் வாங்கவேண்டும்.

நிக்கான் 'ஜி' லென்ஸ்களில் அப்பெர்ச்சர் ரிங்கே கிடையாது. அதற்கென்று ரிங் வைத்த அடாப்டர்கள் உண்டு, ஆனால் எந்த எண்ணில் நிற்கிறோம் என்று சரியாகத் தெரியாது. கேனான் இஎஃப் லென்ஸின் அப்பெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவது. மின்தொடர்பு இல்லாத வெற்று அடாப்டரில் அது திறந்தபடியே நிற்கும்.

அப்பெர்ச்சர் ரிங்கின் க்ளிக்கை எடுத்துவிடுவது அவசியமா?

ஷாட்டுக்கு நடுவே வெளிச்சம் மாற்றுபவருக்கு மட்டும் அவசியம். க்ளிக் சத்தம் மைக்கில் விழும், படமும் படிபடியாக இருளும். மற்றவர்கள் அப்படியே விட்டுவிடலாம். க்ளிக் இருந்தால் ரிங் தானாக நகராது என்ற நன்மை உண்டு.

நீங்களே செய்வதென்றால்: பல லென்ஸ்களில் பின் மவுண்டின் சில திருகுகளைக் கழற்றினால் அப்பெர்ச்சர் ரிங் வெளியே வரும். க்ளிக் தருவது அதன் அடியில் உள்ள மிகச்சிறிய எஃகுக் குண்டு அல்லது தகட்டு ஸ்பிரிங். ஜப்பானிய லென்ஸ்களில் இருப்பது ஜேஐஎஸ் வகைத் திருகு. சாதாரண ஃபிலிப்ஸ் திருகுளியை வைத்தால் தலை தேய்ந்துவிடும், அதன்பின் லென்ஸைத் திறக்கவே முடியாது. குண்டு தெறித்து ஓடும், ஆகவே விளிம்புள்ள தட்டுக்குள் வைத்துக் கழற்றுங்கள். குண்டைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது திரும்பப் போடலாம். க்ளிக் போனபின் ரிங் தொளதொளவென்று ஆகிவிட்டால் கெட்டியான டேம்பிங் கிரீஸ் ஒரு துளி போதும். அதிகம் போட்டால் எண்ணெய் பிரிந்து பிளேடுக்குப் போய்விடும்.

இந்த வேலையில் இறங்க விருப்பமில்லை என்றால், க்ளிக்கை ஆன்/ஆஃப் செய்யும் வசதியோடு வரும் புதிய மேனுவல் லென்ஸ்கள் இருக்கின்றன. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான வாய்க்லாண்டர் எஃப்/0.95 நாக்டன் லென்ஸ்களும் ஸைஸ் லாக்ஸியா வரிசையும் அப்படிப்பட்டவை.

என்னுடையது கிராப் சென்சார். எந்த ஃபோக்கல் லெங்த் வாங்குவது? ஸ்பீட் பூஸ்டர் வேண்டுமா?

கிராப் என்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார். ஏபிஎஸ்-சி என்றால் லென்ஸின் எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள் (கேனானில் 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2-ஆல். பழைய 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 75 போல நடந்துகொள்ளும். முகத்துக்கு அருமை, சின்ன அறைக்குள் தவிப்பு. பழைய லென்ஸ்களில் நல்ல வைட் குறைவு, இருப்பதும் விலை அதிகம்.

இங்கேதான் பார்வையை அகலமாக்கும் கண்ணாடி வைத்த அடாப்டரான ஃபோக்கல் ரெட்யூசர் உதவும். மெட்டாபோன்ஸ் 2013-இல் 'ஸ்பீட் பூஸ்டர்' என்று கொண்டுவந்த பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. 0.71 மடங்கு ரெட்யூசர் ஏபிஎஸ்-சியில் 1.5 × 0.71, அதாவது கிட்டத்தட்ட ஃபுல் ஃபிரேம் பார்வையைத் திருப்பித்தரும். ஒளியும் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூடும், எஃப்/2 லென்ஸ் எஃப்/1.4 ஆகும். இதில் கண்ணாடி உண்டு, ஆகவே மலிவான ரெட்யூசரில் மூலைகள் குழையும், நடுவில் நீலப் புள்ளி போன்ற ஒளிர்வு தெரியும். அடாப்டரில் சிக்கனம் பிடிக்கலாம், ரெட்யூசரில் வேண்டாம்.

வெற்று அடாப்டர் மலிவானதே போதுமா?

குழாய்தானே என்று தோன்றும். ஆனால் அளவு துல்லியமாக இருக்கவேண்டும். அடாப்டர் 0.1 மி.மீ. நீளம் கூடினால் 24 மி.மீ. லென்ஸ் 6 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் ஆகாது; தூரத்து மலை மங்கலாகவே நிற்கும். அதே பிழை 135 மி.மீ. லென்ஸில் 180 மீட்டர் வரை தெரியாது. இதற்குப் பயந்தே பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்வார்கள். இன்ஃபினிட்டி கிடைத்துவிடும், ஆனால் ரிங்கின் முனைக்கு முன்பே கிடைக்கும். லென்ஸ் மேல் அச்சிட்ட தூரங்கள் எதுவும் பொருந்தாது. சில வைட் லென்ஸ்களில் அருகில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளின் இடைவெளியும் மாறும். அவற்றில் மூலைகளும் கெடும்.

அடாப்டர் குட்டை என்றால் சரிசெய்யலாம். முன்தகட்டின் திருகுகளைக் கழற்றி, அடியில் வளைய வடிவில் வெட்டிய மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள். தேவையான தடிமனை அறிய முதலில் காகிதம் வைத்துப் பார்க்கலாம், சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ.

ஆட்டம் இன்னொரு தொல்லை. ட்ரைபாடில் கேமராவை வைத்து, திரையைப் பெரிதாக்கி, ரிங்கை முன்னும் பின்னும் திருப்புங்கள். திசை மாறும் கணத்தில் படம் பக்கவாட்டில் குதித்தால் லென்ஸோ அடாப்டரோ தளர்ந்திருக்கிறது. அடாப்டரைக் கையால் அழுத்திப் பிடித்துத் திரும்பச் செய்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். எம்42-இல் கூடுதல் கவனம்: முனையைத் தாண்டி வேகமாகத் திருப்பினால் லென்ஸே அடாப்டரிலிருந்து கழலத் தொடங்கும்.

எத்தனை எஃப் எண்ணில் எடுக்கவேண்டும்? எஃப்/1.4 வாங்குவது வீணா?

ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ், ஆள் 2 மீட்டரில். எஃப்/1.4-இல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 13 செ.மீ., எஃப்/2.8-இல் 27, எஃப்/4-இல் 38. பெரிய திரையில் பார்த்தால் இதிலும் குறையும். பேசிக்கொண்டே ஒருவர் சாதாரணமாக முன்னும் பின்னும் அசையும் தூரம் 13 செ.மீட்டரைத் தாண்டும். ஆகவே நடிப்பவர் நகரும் ஷாட்டுக்கு எஃப்/2.8 முதல் 4 வரை. எஃப்/1.4 இருட்டுக்கும் அசையாத பொருளுக்கும். பழைய எஃப்/1.4 லென்ஸ்கள் முழுதாகத் திறந்தால் விளிம்புகளில் பனி படர்ந்ததுபோல் ஒளி கசியும், அந்தத் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் எஃப்/1.8 அல்லது எஃப்/2 வாங்கி மிச்சப் பணத்தில் என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வாங்குங்கள்.

என்.டி. எவ்வளவு வேண்டும்?

நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் சரியான அப்பெர்ச்சர் எஃப்/22 அளவில் வரும். அதிலிருந்து எஃப்/2.8-க்கு வர 6 ஸ்டாப் குறைக்கவேண்டும். ஃபில்டரில் இது என்.டி.64 என்றோ 1.8 என்றோ எழுதியிருக்கும். லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) அடிப்படை ஐஎஸ்ஓ 800 ஆனால் இன்னும் 3 ஸ்டாப், மொத்தம் 9. வேரியபிள் என்.டி.யை (திருப்பினால் கருமை மாறும் வகை) அதன் உச்சத்துக்குத் திருப்பினால் வைட் லென்ஸில் இருண்ட பெருக்கல் குறி விழும். அவ்வளவு தேவைப்படும் இடத்தில் நிலையான என்.டி.யே நல்லது. 77 மி.மீ. ஃபில்டர் ஒன்று வாங்கி, எல்லா லென்ஸுக்கும் ஸ்டெப்-அப் ரிங் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டும் வளையம்) போட்டுவிடுங்கள். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும் லென்ஸ்களில் வேரியபிள் என்.டி. வேண்டாம், ஃபோகஸோடு கைப்பிடியும் அளவுக் குறியும் சுற்றிப் போய்விடும், வானத்தின் கருமையும் மாறும்.

மாட்டியதும் 'லென்ஸ் இல்லை' என்கிறது. கையில் பிடித்தால் படம் அலைகிறது. ஏன்?

முதலாவதற்கு, மெனுவில் லென்ஸ் இல்லாமல் இயங்க அனுமதிக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். இரண்டாவதற்குக் காரணம் கேமராவுக்குள் உள்ள ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைத் திருத்த சென்சாரை நகர்த்தும் வசதி). மின்தொடர்பு இல்லாத லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தை நீங்கள்தான் எழுதிக்கொடுக்கவேண்டும். 28 மாட்டியிருக்கும்போது முந்தைய 85 அங்கேயே இருந்தால் சென்சார் மிதமிஞ்சித் திருத்தும், படம் தொட்டில்போல் ஆடும். கிராப் கணக்கைச் சேர்க்காமல் லென்ஸில் உள்ள எண்ணையே கொடுங்கள். ரெட்யூசர் இருந்தால் மட்டும் 0.71-ஆல் பெருக்குங்கள்: 50 மி.மீ.க்கு 35. லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணையும் மாற்றவேண்டும். ஒரு பொத்தானில் இந்த மெனுவை வைத்துக்கொள்வது நல்லது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸில் எதையெல்லாம் சோதிப்பது?

அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகக் கிளைவிட்டால் பூஞ்சை. பால் கலந்த நீர்போல் சீரான மங்கல் தெரிந்தால் ஹேஸ், அது கான்ட்ராஸ்டைத் தின்றுவிடும். விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டுகள் இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, வாங்காதீர்கள். ஓரிரு தூசும் முன்கண்ணாடியில் மெல்லிய கீறலும் படத்தில் தெரியாது, விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

பிளேடில் எண்ணெய் இருப்பது ஸ்டில் எடுப்பவருக்குப் பெரும் குறை, ஏனென்றால் நொடியில் மூடவேண்டிய பிளேடு ஒட்டிக்கொள்ளும். அடாப்டரில் நீங்களே கையால் மூடி வைப்பதால் வீடியோவுக்கு அது அவ்வளவு இடைஞ்சல் இல்லை. கிரீஸ் காய்ந்த ரிங் நேர் எதிர்: ஸ்டில்காரர் பொறுத்துக்கொள்வார், நம்மால் முடியாது. மாற்ற முடியும் என்றாலும் அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள். சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 சிலவற்றில் கண்ணாடி மஞ்சளித்திருக்கும். அதிலுள்ள தோரியம் காரணம். புறஊதா விளக்கின் கீழே சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சினி லென்ஸே வாங்கிவிட்டால் என்ன?

ஃபாலோ ஃபோகஸோ (பல்சக்கரத்தால் ரிங்கைத் திருப்பும் கருவி) மோட்டாரோ பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ரிங்கிலேயே 0.8 மாட்யூல் (பல்லின் அளவு) பல் இருக்கும், ஒரு வரிசையில் எல்லா லென்ஸிலும் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதால் மோட்டாரை நகர்த்தவேண்டியதில்லை. அளவு டி-ஸ்டாப்பில் இருக்கும், அதாவது கண்ணாடியைத் தாண்டி உண்மையில் வந்துசேரும் ஒளி. லென்ஸ் மாற்றினாலும் வெளிச்சம் ஒத்துப்போகும். சாம்யாங்கின் வீடியோ வரிசை, அவர்களுடைய ஸ்டில் லென்ஸின் அதே கண்ணாடிக்குப் பல் வைத்த, க்ளிக் இல்லாத ரிங் போட்டது. பழைய லென்ஸுக்கும் தனியாகப் பல் வளையம் மாட்டலாம். ஃபோகஸ் செய்யும்போது உடல் முன்னால் நீளும் லென்ஸ் என்றால் அகலமான பல் வளையம் தேவை.

ஃபோகஸ் மாறும்போது ஃபிரேமும் சுருங்கி விரியும் 'ப்ரீதிங்' பழைய லென்ஸ்களில் அதிகம். லென்ஸ் முழுவதும் முன்னால் நகரும் 50 மி.மீ.யில் இன்ஃபினிட்டியிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் ஃபிரேம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறுகும். இதைக் கேமராவின் திருத்த வசதியும் கவனிக்காது. அதற்கு லென்ஸிலிருந்து தகவல் வரவேண்டும்.

ஸூம் லென்ஸ்?

பழைய ஸ்டில் ஸூம்களில், ஒரே ரிங்கைத் தள்ளினால் ஸூம், திருப்பினால் ஃபோகஸ் என்ற வகையைத் தவிருங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியாது, கீழே சாய்த்தால் தானாக வழுக்கும். தனி ரிங் உள்ளவற்றில் ஸூம் செய்தாலும் ஃபோகஸ் நிற்கிறதா என்று சோதியுங்கள். ஆனால் குட்டையான அடாப்டர் அந்தக் குணத்தைக் கெடுத்துவிடும்.

பீக்கிங் காட்டுகிறது, ஆனாலும் ஷாட் மங்கல். என்ன செய்வது?

பீக்கிங், அதாவது திரையில் விளிம்புகளை நிறத்தால் ஒளிரவிடும் வசதி, கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பைத்தான் காட்டும், ஃபோகஸை அல்ல. சட்டையின் கோடு ஒளிரும், கண் மங்கியிருக்கும். அளவை 'குறைவு' என்று வையுங்கள். ஷாட்டுக்கு முன் திரையைப் பெரிதாக்கிக் கண்ணிமையில் ஃபோகஸ் செய்யுங்கள். பதிவு ஓடும்போது பெரிதாக்க விடாத கேமராக்கள் உண்டு, அப்போது வெளி மானிட்டர் உதவும்.

நகரும் ஷாட்டில் திரையை நம்பாமல் குறியை நம்புங்கள். ரிங்கைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டுங்கள், உடலில் ஒரு கோடு. நடிகர் நிற்கும் முதல் இடத்தில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து டேப்பில் 1 என்று எழுதுங்கள்; நடுவில் 2, முடிவில் 3. தரையிலும் அதே இடங்களில் டேப். எப்போதும் ஒரே திசையிலிருந்து குறிக்கு வாருங்கள், ரிங்கில் சிறு தொய்வு இருந்தாலும் பிழை விழாது. ஒத்திகையில் ரிங்கைப் பார்க்காமல் நடிகரின் காலைப் பார்த்துத் திருப்பிப் பழகுங்கள். அவர் அடியெடுத்து வைக்கும்போதே கை புறப்படவேண்டும். முகம் மங்கியதைக் கண்டு திருப்பினால் எப்போதும் அரை நொடி பின்தங்கியே இருப்பீர்கள்.